ஆளில்லாத பாதை இங்கே இல்லை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் ரப்பர் விளைகளுக்கும் சானல்கரைகளுக்கும் வார இறுதியில் பைக்கோடு வருகிறவர்கள், மண்ணைப் படிப்பதற்கு முன் மனிதர்களைப் படிக்க வேண்டும்.

கரடுமுரடான தடங்களில் பைக் ஓட்டும் விளையாட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நிலங்களில் பெயர் வாங்கியது. 1978 டிசம்பர் 26 அன்று பாரீசிலிருந்து புறப்பட்ட முதல் டக்கார் ராலி, சகாரா பாலைவனத்தைக் கடந்து செனகல் நாட்டின் கடற்கரைக்குப் போனது. 2020 முதல் அது சவூதி அரேபியாவின் மணல்வெளிகளில் நடக்கிறது. இந்தியாவில் இதே ஆசை வந்தபோது, 1999-ல் தொடங்கிய 'ரெய்டு தெ ஹிமாலயா' பனிமலைக் கணவாய்களைத் தேடிப் போனது. எங்கே நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்: சாலை முடிய வேண்டும், அதற்கப்பால் யாரும் இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கோடு திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடிக்கு வந்தால் விடை தப்பாகத்தான் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். இங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாது; கடைப் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மரச்சீனி நட்ட சரிவுக்கு ஒருவர் உடைமைக்காரர், கையாலைக்கு அந்தப்புறம் இருக்கும் விளைக்கு இன்னொருவர். பாறை உடைத்துக் கைவிட்ட குவாரிக் குழிக்கும் எங்கோ ஒரு பத்திரம் இருக்கும்.

ஆனாலும் பைக்குகள் வருகின்றன. களியக்காவிளைக்கும் வெள்ளறடைக்கும் இடையே உள்ள சாயக்கடைகளில், வார இறுதிக் காலைகளில் டயரில் சேறு அப்பிய வண்டிகளைப் பார்க்கலாம். அவற்றின் எண்பலகைகளே இந்த வட்டாரத்தின் வரைபடம்: கேஎல் 19 பாறசாலை, கேஎல் 20 நெய்யாற்றின்கரை, கேஎல் 01 திருவனந்தபுரம், டிஎன் 75 மார்த்தாண்டம், டிஎன் 74 நாகர்கோவில். பழம்பொரியும் கட்டன்சாயாவும் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையை விட்டு இறங்கும்.

ஏன் இங்கே வருகிறார்கள் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் போதும். செம்மண், சரல், வெட்டுக்கல், வேர், ஓடை, செங்குத்தான ஏற்றம் எல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் கிடைத்துவிடும். லடாக் போக விடுப்பும் வேண்டும், பணமும் வேண்டும். இங்கே காலையில் இறங்கினால் மதியச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் மண்ணில் இந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்பதுதான் கேள்வி.

கோட்டுக்கு முன்பே இருந்த வழிகள்

இந்தத் தடங்களில் ஒன்றுகூட பைக்குக்காக வெட்டப்பட்டதல்ல. மாநில எல்லை வருவதற்கு முன்பே இவற்றில் பாதி இருந்தன. 1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. தமிழர் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் கோடு விழுந்த இடம், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே.

கோடு விழுந்தாலும் மனிதர்களின் போக்குவரத்து நிற்கவில்லை. பனச்சமூடு சந்தைக்கு இரண்டு மாநிலத்தாரும் வருகிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும், பள்ளித் திருநாளும் கோயில் கொடையும் எல்லை பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகள் களியக்காவிளை வழியாக நெய்யாற்றின்கரையில் தங்கித் திருவனந்தபுரம் போகின்றன. எல்லையில் இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்து அனுப்புகின்றன.

கோட்டின் கனம் தெரிய வேண்டுமானால் சானல்கரைக்குப் போக வேண்டும். நெய்யாற்றின் குறுக்கே கட்டிய அணை 1958-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் இடதுகரைக் கால்வாய், பிரிவினைக்கு முந்தைய திட்டப்படி, விளவங்கோடு வட்டத்துக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டியது. அதை நம்பி 9,200 ஏக்கர் இருந்தது என்பது தமிழ்நாடு அரசின் கணக்கு. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது; 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீர் வராத சானலின் கரை புல் மண்டிக் கிடக்கிறது. கால்வாயைக் கண்காணிக்கப் போட்ட அந்த மண்பாதை, பைக்காரர் கண்ணுக்கு அருமையான தடம். ஒரு விவசாயி கண்ணுக்கு அது தீராத வழக்கு. அங்கே வண்டியின் சத்தத்துக்கு அவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பு வண்டியைப் பார்த்து மட்டும் வந்ததல்ல.

கடல், விளை, மலை

பைக் ஓட்டத்துக்கு இந்த நிலத்தை மூன்று பட்டைகளாகப் பிரிக்கலாம். தெற்கே கடலோரம்: ஊரம்பு வழியாகப் பொழியூர், நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. இங்கே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கிடக்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகில் இணைக்கலாம் என்று 1860-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, முடிக்காமல் விட்ட வேலை. கடற்கரை மணல் பைக்காரருக்கு ஆசை காட்டும். ஆனால் அது வலை உலரும் இடம், கரமடி இழுக்கும் இடம், பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். அங்கே சக்கரம் இறங்காமல் இருப்பதே மரியாதை.

நடுவில் விளைகளின் நாடு. உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், குன்னத்துகால், காரக்கோணம் என்று பொற்றை எனும் குன்றும் ஏலா எனும் வயலும் மாறி மாறி வரும். பொற்றைமேல் ரப்பர், சரிவில் மரச்சீனியும் வாழையும், அடியில் முன்பு நெல் விளைந்த ஏலா. வார இறுதி ஓட்டம் பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான். வெட்டுக்கல் எடுத்த குழிகளும், மழைநீர் அறுத்த ஓடைகளும், ஒற்றை ஆள் நடக்கும் இடவழிகளும் ஓட்டுகிறவரின் கையை நன்றாகச் சோதிக்கும்.

வடக்கே மலை. வெள்ளறடைக்கு மேலே, எல்லைக் கோட்டை ஒட்டி, சிலுவை நட்ட குருசுமலை; அதற்குப் பக்கத்தில் பத்துகாணி வழியாக ஏறும் காளிமலைக் கோயில். தவக்காலத்தில் குருசுமலைக்குப் போகிறவர்கள் இரண்டு மாநிலத்திலிருந்தும் கால்நடையாக ஏறுகிறார்கள். இன்னும் உள்ளே போனால் அம்பூரி, அதற்கப்பால் காடு. 1958-ல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்கு சரணாலயம் 128 சதுர கிலோமீட்டர். அதன் தலைமாட்டில் 1,868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடம். இந்த மலைத்தொகுதியை யுனெஸ்கோ 2016-ல் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது. இங்கே பைக்கின் எல்லை தெளிவு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 27-ம் பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழையவே விடாது. யானை நடமாடும் வழியில் அரைமணி நேர உற்சாகத்துக்கு இடமில்லை.

மலைச்சரிவுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2001 நவம்பரில் அம்பூரியில் பெருமழையோடு சரிந்த மண் சுமார் 40 பேரை வாரிக்கொண்டு போனது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் பகுதி இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் மண் நீரைக் குடித்து இளகிக் கிடக்கும்போது, குமிழ் டயர் கீறிய ஒரு கோடு அடுத்த மழையில் ஓடையாகும், அதற்கடுத்த மழையில் பள்ளமாகும்.

பால்வெட்டுக்காரரின் கடிகாரம்

நடுப்பட்டையின் நேரத்தை ரப்பர்தான் தீர்மானிக்கிறது. பால்வெட்டுக்காரர் விடியும் முன்பே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஒழுகும். வெட்டிய பட்டையிலிருந்து சிரட்டையில் சொட்டும் பாலை, மூன்று நான்கு மணி நேரம் கழித்து வாளியோடு வந்து ஊற்றி எடுப்பார். பைக்காரர்கள் இறங்க விரும்புவதும் அதே நேரம்: வெயில் ஏறாத காலை. ஏற்றத்தில் முறுக்கிய சக்கரம் கிளப்பும் புழுதி சிரட்டையில் விழுந்தால், ரப்பர் ஷீட்டின் தரம் குறைந்து விலையும் குறையும். புழுதி கிளப்பியவர் அடுத்த வளைவில் மறைந்திருப்பார். நட்டம் பால்வெட்டுக்காரரிடம் நிற்கும்.

நாள்காட்டியும் இப்படித்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும். துளிர்விடும் காலத்தில் பல தோட்டங்களில் வெட்டு நிற்கும். தோட்டம் காலி, தரை காய்ந்திருக்கிறது, பைக்குக்கு ஏற்ற காலம் என்று தோன்றும். ஆனால் முழங்கால் ஆழத்துக்குச் சருகு. அதற்கடியில் மழைநீரைத் தேக்கி மண்ணைக் காக்க வெட்டிய குழிகள், முக்குனா கொடியின் பின்னல், சில இடங்களில் அணலிப் பாம்பு. சூடான சைலன்சர் சருகில் சாய்ந்தால் தீ பிடிக்க எத்தனை நொடி? ரப்பர் தோட்டக்காரர் கோடையில் பயப்படுவது தீக்குத்தான். அதற்காகவே எல்லையோரம் சருகைக் கூட்டி வெறும் மண்பட்டை விடுகிறார்.

அதே மாதங்களில் தேனீக்காரரும் வருவார். ரப்பரின் இளந்துளிரில் சுரக்கும் தேனுக்காகப் பெட்டிகளை வரிசையாகத் தோட்டத்தில் வைப்பார்கள். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்புப் பணியோடு வேர்பிடித்த தொழில் இது. இன்று எல்லையின் இரண்டு பக்கமும் பல குடும்பங்களுக்கு வருமானம். பெட்டி வரிசைக்கு அருகே வண்டியை உறுமவிட்டால் தேனீ சும்மா இருக்காது. கொட்டு வாங்கிய பைக்காரர் ஹெல்மெட்டோடு ஓடிவிடுவார். கலைந்த கூட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் கொண்டுவருவது வளர்ப்பவரின் தலைவலி.

ஆக, இங்கே ஓட்டத்துக்குத் தோதான நேரம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் முடியும். பால் எடுத்து முடிந்த பிறகு, முற்பகலில். கனமழை ஓய்ந்து தரை இறுகிய டிசம்பரிலும், இடைமழை விட்ட நாட்களிலும். சருகு குவிந்த தோட்டத்தை விட்டுவிட்டு, திறந்த மண்பாதையில்.

வண்டியும் கையும்

இந்தத் தடங்களில் பெரிய வண்டிக்கு வேலை குறைவு. ஒரு காலத்தில் கிடைத்ததை வைத்து ஓட்டினார்கள். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, எடை குறைவாலும் துள்ளும் எஞ்சினாலும் செம்மண் ஏற்றங்களுக்குப் பிடித்த வண்டியானது. 2011-ல் ஹீரோ 'இம்பல்ஸ்' வந்தது. உயர்ந்த உடம்பு, நீண்ட சஸ்பென்ஷன், 150 சிசி எஞ்சின். விற்பனையில் வெற்றி பெறாமல் நின்றுபோனாலும், தேடிப் பிடித்து வைத்திருக்கும் ரசிகர்கள் அதற்கு உண்டு. 2016-ல் ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயன் வந்தது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ஒரு லட்சத்துக்குக் கீழே தொடங்கிய விலையில் வந்து, கதவை நடுத்தர வர்க்கத்துக்குத் திறந்துவிட்டது. 21 அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 160 கிலோவுக்குள் எடை. ஹிமாலயன் இதைவிடச் சுமார் 40 கிலோ கூடுதல். நெடுஞ்சாலையில் அந்தக் கனம் சுகம். சானல்கரையில் சாய்ந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்தும்போதுதான் 40 கிலோ என்னவென்று தெரியும்.

தடத்தில் இறங்கும் முன் டயரின் காற்றைக் குறைப்பது வழக்கம். சாலையில் 28, 30 பிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் மண்ணில் 20-ஐ ஒட்டிக் கொண்டுவருவார்கள். டயர் கொஞ்சம் தட்டையாகித் தரையைக் கவ்வும். இன்னும் இறக்கினால் வெட்டுக்கல் விளிம்பில் ரிம் மோதி ட்யூப் கடிபடும். மண்பாதையில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் சீக்கிரம் களைப்பார். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலால் டாங்க்கைப் பிடித்து, முழங்கையை விரித்து, பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் தூரத்தில் வைக்க வேண்டும். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் கல்லில்தான் முட்டும்.

சரல் மண் ஒரு தனிப் பாடம். உருண்டை உருண்டையான சிறு கற்களின் மேல் முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் முன்சக்கரம் நழுவி ஆள் தரையில். இறக்கத்தில் முதல் கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள விட்டு, முன்பிரேக்கை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டாகிவிடும். ரப்பர் வேர் பாதைக்குக் குறுக்கே ஓடினால் நேராக ஏற வேண்டும். சாய்வாகத் தொட்டால் வேர் சக்கரத்தைப் பக்கத்தில் தள்ளிவிடும்.

விழுந்தால் பெரும்பாலும் காறை எலும்பும் கணுக்காலும்தான் வாங்கும். வண்டிக்கடியில் கால் சிக்குவது இந்த விளையாட்டின் பொதுவான காயம். அதனால் ஹெல்மெட்டுக்கு அடுத்த செலவு கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸாக இருக்க வேண்டும், எக்ஸ்ட்ரா விளக்காக அல்ல. காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சோமர்வெல் பெயர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறி, பிறகு நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவைசிகிச்சை செய்தவர் அவர். சாகசத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள பழைய உறவு அது. உயரங்களைப் பார்த்த மனிதர், அதன் பிறகு இந்த மக்களுக்காகத் தங்கினார்.

டக்கார் வரை போன மலையாளி

இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு முகம் கொடுத்தவர்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள். பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர். 2021-ல் சவூதியில் விழுந்து பலத்த காயம் பட்டார். அதே 2021-ல் கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 20-வது இடத்தில் முடித்தார். 2024-ல் ராலி 2 பிரிவை வென்று ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம் பிடித்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ், பிரெஞ்சு ஷெர்கோவோடு சேர்ந்து நடத்திய அணிக்காக ஓட்டியவர்.

அவர் வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. தேசிய சூப்பர்கிராஸ் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். சூப்பர்கிராஸ் என்பது மூடிய மைதானத்தில் மண்மேடு கட்டி நடத்தும் போட்டி. வேலி உண்டு, மருத்துவக் குழு உண்டு, கொடி காட்டுகிறவர் உண்டு. யாருடைய விளையும் மிதிபடாது. சந்தோஷ் கர்நாடகத்தின் கோலார் அருகே தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க்கில் புதியவர்களுக்கும் பாடம் எடுக்கிறார்கள். டக்காரைக் கனவு காணும் பையன் எல்லைக் கிராமத்துச் சாயக்கடைக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் வேகம் காட்டிக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேகத்துக்கு மைதானம் வேண்டும். ஊர் வழியில் கற்கக்கூடியது மெதுவாக, விழாமல், யாரையும் விரட்டாமல் போவது. அதுவும் எளிதான வித்தை அல்ல. நடக்கும் வேகத்தில் குறுகிய இடவழியில் கால் ஊன்றாமல் திரும்பத் தெரிந்தவர்தான் மணலிலும் நிற்பார்.

சட்டம் சொல்வது

பலருக்கு ஒரு மயக்கம் உண்டு: தார் இல்லாத இடத்தில் மோட்டார் வாகனச் சட்டமும் இல்லை என்று. பொதுமக்கள் போய்வரும் உரிமை உள்ள மண்பாதையும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால், 189-ம் பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை மாற்ற 52-ம் பிரிவு தடை போடுகிறது. சத்தத்தைக் கூட்டச் சைலன்சரை மாற்றுகிறவர்கள் முதலில் சிக்குவது இதில்தான். வண்டிக் காப்பீட்டில் இன்னொரு வரி இருக்கும்: ஒழுங்குசெய்த பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கிடையாது.

இடம் தனியாருடையது என்பதாலும் தப்பிவிட முடியாது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்ரோடு நிகழ்ச்சி, மாவட்ட ஆட்சியரின் தடையை மீறியது என்று வழக்கானது. அதில் ஓட்டிய பிரபல மலையாள நடிகரும் அபராதம் கட்டினார்.

வெளியூர்ப் பாடம்

இங்கிலாந்திலும் இந்தச் சண்டை நடந்தது. கிராமத்துப் பழைய வண்டித் தடங்களில் பைக் ஓட்டும் உரிமையைக் காக்க 1970-ல் டிரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப் என்ற சங்கம் தொடங்கியது. வண்டி ஓடிய பழைய வழியில் மோட்டார் வண்டியும் ஓடலாம் என்பது அவர்கள் வாதம். சேறாகிப் போன பாதையில் நடக்க முடியாதவர்களும், அமைதி இழந்த கிராமங்களும் எதிர்த்தன. 2006-ல் வந்த சட்டம், முறையாகப் பதிவாகாத பெரும்பாலான தடங்களில் மோட்டார் வண்டியின் உரிமையையே ரத்து செய்தது. அமெரிக்காவில் 1972-லேயே அதிபர் நிக்சன், அரசு நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று பிரிக்கும்படி உத்தரவு போட்டார். ஓட்டுகிறவர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்தாத இடத்தில் அரசு வந்து கட்டுப்படுத்தும்; அப்போது ஒழுங்காக ஓட்டியவருக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

அங்கே அரசு நிலம் இருந்தது, பழைய பாதைகளின் பதிவேடு இருந்தது. நம் எல்லைக் கிராமங்களில் அந்த வசதி இல்லை. இங்கே பைக்காரருக்கு உரிமை என்று காட்ட எதுவும் கிடையாது. இருப்பது ஊர்க்காரர் விட்டுக்கொடுத்த இடம் மட்டுமே. ஆகவே இங்கே செய்யத்தக்கவையும் சின்னவை, ஆனால் உடனே செய்யக்கூடியவை. தோட்டக்காரரிடம் நேரில் கேட்டு, நாளும் நேரமும் பேசி, பாதையை முடிவுசெய்து ஓட்டுவது. அதற்கு ஒரு தொகை கொடுப்பது. ரப்பர் விலை ஏறி இறங்கும் நிலத்தில் அது வேண்டாத பணம் அல்ல. மழைக்கு முன் தாங்கள் கிளறிய பாதையை மண்வெட்டியால் தாங்களே நிரவிக் கொடுப்பது. குவாரி மூடிய இடங்களில், நீர் தேங்கிய பள்ளத்தை விட்டு மேட்டுத்தளத்தில் வேலி போட்டு, உரிமையாளரும் பஞ்சாயத்தும் ஒப்பினால் ஒரு பயிற்சி மைதானம் அமைப்பது. கல் எடுத்த காலம் முழுவதும் வெடிச்சத்தத்தைச் சகித்த ஊருக்கு அந்த இடத்திலிருந்து ஒரு வருமானம் வரட்டும்.

எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு அரசுகள், இரண்டு காவல்துறைகள், இரண்டு மொழிகள். பால்வெட்டுக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் ஒருவரே. ஒரு தடம் அடுத்த வாரமும் திறந்திருக்குமா என்பதை எந்தச் செயலகமும் முடிவுசெய்யப் போவதில்லை. இந்த வாரம் அவருடைய சிரட்டையில் புழுதி விழுந்ததா, அவரைப் பார்த்ததும் வண்டி நின்றதா என்பதை வைத்து அவர் முடிவுசெய்வார். அவர் சங்கிலி கட்டிவிட்டால் எக்ஸ்பல்ஸ் ஆனாலும் ஹிமாலயன் ஆனாலும் திரும்ப வேண்டியதுதான்.

பெட்டிச் செய்தி: இறங்குவதற்கு முன்

● கேளுங்கள்: முதல் சாயக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, இந்த வழி யாருக்கதாக்கும்? போலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது ஜிபிஎஸ்ஸைவிடப் பயன்படும். எல்லைக்கு அந்தப் பக்கமும் 'அண்ணன்' செல்லும்.

● கூட்டம்: மூன்று நான்கு வண்டிக்கு மேல் வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். சாய்ந்த வண்டியை எடுக்கவும் ஆம்புலன்சுக்கு வழி காட்டவும் ஒருவர் வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டு மாநிலத்திலும் ஒன்றே.

● கருவி: ட்யூப், டயர் நெம்பி, கைப்பம்பு, செயின் லிங்க், பிரேக் லீவர், கயிறு, முதலுதவிப் பெட்டி, குடிநீர்.

● பாம்பு: கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் உடனே மருத்துவமனை. பூட்ஸ் போட்டவருக்குப் பெரும்பாலும் இந்த வேலை வராது.

● நிறுத்துங்கள்: தலையில் சுமையோடு வருகிறவர், ஆடுமாடு, பள்ளிப் பிள்ளைகள் எதிரே வந்தால் எஞ்சினை அணைத்து ஓரம் நில்லுங்கள். கையாலையை இடித்தால் சொல்லிவிட்டு, சரிசெய்துவிட்டுப் போங்கள்.

● தவிருங்கள்: சரணாலயம், நாற்று நின்ற ஏலா, கடற்கரை, தேன்பெட்டி வரிசை, தவக்காலத்தில் குருசுமலை வழி, கனமழை பெய்த மறுநாள் மலைச்சரிவு.